பன்னிரண்டு எட்டு தள்ளிப் போட்ட குழி

நான் தோண்டிய குழிகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தது ஒரு கம்ப்யூட்டர் திரையில்தான். அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் குழி போட்டிருக்கிறேன். ஒன்றையும் பார்த்ததில்லை. பார்க்க முடியாது. குழியின் வாய் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. குழாய் உள்ளே போகும், மணல் வெளியே வரும். அடியில் என்ன கிடக்கிறது என்பது கைக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது.

மணவாளக்குறிச்சிக்கு மேற்கே கடலோரமாக வேலை. கருமணல் எந்த ஆழத்தில், எவ்வளவு கனத்துக்குக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்திருந்தார். நாங்கள் ஆறு பேர். நான் மேஸ்திரி. ஆறாம் வகுப்போடு நின்றவன். எண் எழுதத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள்.

கையால் போடுகிற குழிதான். உறைக்குழாயின் தலையில் ஒரு தட்டு மாட்டுவோம். இரண்டு பேர் அதில் ஏறி நிற்பார்கள். மற்றவர்கள் கீழே குழாயில் மாட்டின கம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார்கள், செக்கு ஓட்டுகிற மாதிரி. ஆள் பாரத்தில் குழாய் மணலுக்குள் இறங்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் உள்ளே இருக்கிற மணலை எடுத்து, பையில் கட்டி, குழி எண்ணும் ஆழமும் எழுதுவேன். தண்ணீர் ஊறுகிற இடம், கறுப்பு ஏறுகிற இடம், களிமண் தட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு வரி. களி தட்டினால் நிறுத்தம். குழியை மூடி, மேலே ஒரு சிமெண்டுக் கட்டி வைத்து, ஈரத்திலேயே ஆணியால் எண் கீறிவிட்டு அடுத்த குழிக்குப் போவோம்.

பைகள் வண்டியேறிப் போகும். எங்கள் வேலை அதோடு முடிந்தது. அத்தனை வருடமும் அப்படித்தான்.

அந்தத் தடவை மண்ணியல் படித்த ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். திருச்சிப் பக்கம். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். நாங்கள் மேடம் என்போம். அவர் எங்களை அண்ணே என்பார். ஓடாமல் கிடந்த ஒரு தும்பு ஆலையின் முன்னறையை ஆபீசாக எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அழுகிய தேங்காய்த் தொண்டு நாற்றம் சுவரைவிட்டுப் போகவே இல்லை. முதல் நாள் மூக்கைப் பொத்தினார். ஒரு வாரத்தில் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து எண்கள் வந்ததும் அவர் கம்ப்யூட்டரில் படம் போட ஆரம்பித்தார். புள்ளிவிவரக் கணக்குப் போடுகிற சாப்ட்வேர், யாருக்கும் சும்மாவே கிடைக்கும் என்றார். அதில் படம் வேண்டுமென்றால் வரையக் கூடாது. வரி வரியாக எழுத வேண்டும். இந்தக் குழி இந்த இடம், வாய் கடல்மட்டத்துக்கு இவ்வளவு உயரம், இத்தனாவது மீட்டரில் கருமணல் இவ்வளவு என்று எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்துவிட்டு, எப்படிக் காட்ட வேண்டும் என்று எழுதி ஒரு தட்டுத் தட்டுவார். தனியாக ஒரு சன்னல் திறக்கும். அதற்குள் படம் நிற்கும். மவுஸைப் பிடித்து இழுத்தால் படம் திரும்பும். மேலே போய்ப் பார்க்கலாம். அடியில் போயும் பார்க்கலாம்.

முதல் தடவை அவர் அதைத் திறந்தபோது நான் பை எண்களைச் சரிபார்க்கப் போயிருந்தேன். திரையில் வண்ண வண்ணமாகக் குச்சிகள் நின்றன. எல்லாம் தரையிலிருந்து மேலே எழும்பி, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் மாதிரி வரிசையாக நின்றன. கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"மேடம், நாங்க கீழதான் தோண்டுனோம்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டாராம். எழுதினதைத் திறந்து, ஒரே ஒரு கோடு சேர்த்தார். தட்டினார். எங்கள் மாதக்கணக்கான வேலை ஆகாயத்திலிருந்து தரைக்கு அடியில் இறங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து கைகால் கழுவிவிட்டு ஆறு பேரும் அந்த அறைக்குப் போவோம். யாரும் வரச் சொல்லவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. கருமணல் கூடுதலாக இருக்கிற மீட்டர் சிவப்பு. குறைந்தால் மஞ்சள். ஒன்றும் இல்லையென்றால் வெளிறின சாம்பல். குழிகள் கம்பிகளாகத் தொங்கின. ஒவ்வொரு கம்பியிலும் சிவப்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் தரைக்கு அடியில் யாரோ ஒரு சிவப்புப் பாயை விரித்துப் போட்ட மாதிரி.

ஆழம் இவ்வளவு நீளமாகத் தெரிகிறதே என்று கேட்டேன். வேலை நடக்கிற இடம் மூன்று நான்கு கிலோமீட்டர் நீளம், குழியோ எட்டுப் பத்து மீட்டர், உள்ளபடி காட்டினால் குழி ஒரு புள்ளியாகத்தான் தெரியும், அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு இழுத்து வைத்திருக்கிறேன் என்றார். அது எனக்குப் புரிந்தது. சின்ன மேடுகூட அதில் மலையாகத் தெரியும் என்பதும் புரிந்தது. அதன் அர்த்தம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

எங்களில் தட்டில் ஏறி நிற்கிற ஒருவன் உண்டு. கனத்த உடம்பு, கனத்த குரல். மேடத்திடம் ஒவ்வொரு கம்பியாகக் காட்டச் சொல்லி, இது மழை பெய்த நாளில் போட்டது, இதில் குழாய் சிக்கிக்கொண்டு ஒரு பகல் போனது என்று சொல்வான். மேடமும் பொறுமையாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். சிவப்பு நீளமாக வந்தால் தன் தொப்பையைத் தட்டி, எல்லாம் நான் ஏறி நின்ற பாரம் என்பான். அந்தச் சாயங்காலங்களை இப்போதும் நினைப்பேன். வேலை செய்தவனுக்கு வேலையைக் காட்டின இடம் எனக்கு அது ஒன்றுதான்.

மேற்குக் கடைசியில் போட்ட குழிகளின் எண்கள் வந்த நாளன்று அவன்தான் முதலில் பார்த்தான்.

"ஓய் மேஸ்திரி, ஒம்ம பாயில ஒரு எடத்துல கொம்பு முளைச்சு நிக்கு, பாத்தீரா?"

பார்த்தேன். சிவப்புப் பாய் ஒழுங்காகப் போய், ஒரு கம்பியில் மட்டும் மேலே தூக்கி நின்றது. அடுத்த கம்பியில் மறுபடி கீழே. மேடம் எண்ணைப் பார்க்க மவுஸை நகர்த்தினார். பார்க்காமலே எனக்குத் தெரியும். எழுபத்தொன்று.

அந்தக் குழி குற்றியில் போட்டதல்ல.

எங்களுக்கு முன்னால் சர்வேக்காரர்கள் வந்து இடம் அளந்து மரக்குற்றி அடித்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு குற்றிக்கும் ஒரு எண், இடம், உயரம். எல்லாம் அவர்கள் தாளில் இருக்கும். நாங்கள் குற்றியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் குழி போட வேண்டும். ஆனால் குற்றி அடிக்கிறவர்களுக்கு ஊர் தெரியாது. தென்னம்பிள்ளை மூட்டில் அடித்திருப்பார்கள். வலை காயப்போடுகிற இடத்தில் அடித்திருப்பார்கள். சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால், நாகர் கல்லுக்குப் பக்கத்தில் அடித்திருப்பார்கள். நாங்கள் சத்தம் போடாமல் நாலு எட்டு தள்ளிப் போடுவோம். நோட்டில் குற்றி எண்ணையே எழுதுவோம். என்னைப் பழக்கின மேஸ்திரியும் அப்படித்தான் செய்தார். சமதரையில் நாலு எட்டில் ஒன்றும் மாறாது. தாளில் வரைகிற வரைபடத்தில் அது தெரிந்ததே இல்லை.

எழுபத்தொன்றின் குற்றி ஒரு மணல்மேட்டின் உச்சியில் இருந்தது. நாங்கள் குழாய்களைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது ஒரு அக்கா அங்கே நின்றார். என் வயதுதான் இருக்கும். தலையில் சும்மாடு, காலடியில் காலி மீன் பாத்திரம். தடுக்கவில்லை. இங்கேயா போடப் போகிறீர்கள், எவ்வளவு ஆழம் என்று கேட்டார். களி தட்டும் வரை என்றேன். என்னை மட்டும் கொஞ்சம் தள்ளி வரச் சொன்னார்.

"அண்ணாச்சி, இதுல எனக்க பிள்ள கெடக்கு" என்றார்.

தலைப்பிள்ளை. பிறந்து கொஞ்ச நேரம்தான் மூச்சு இருந்தது. தலையில் தண்ணீர் விட்டுப் பெயர் சொல்வதற்குள் போய்விட்டது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. மாமனார் ஒரு ஓலைக் கடவத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து இந்த மேட்டில் புதைத்தார். அடையாளம் வைக்கவில்லை. மாமனார் போய்விட்டார். இப்போது தனக்கும் தன் கணவருக்கும் மட்டும்தான் தெரியும், பின்னால் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் தெரியாது, நீரும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். இதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சரி என்றேன்.

என் ஆட்களிடம் இங்கே தாழை வேர் கிடக்கிறது, கீழே இறங்கிப் போடுவோம் என்றேன். கடல் பக்கமாகப் பன்னிரண்டு எட்டு. நான் எண்ணி நடந்தேன். மேடு அங்கே பள்ளமாக இறங்கிவிடுகிறது. நோட்டில் எழுபத்தொன்று என்று எழுதினேன். உயரத்தைப் பற்றி நினைக்கவில்லை. குழியின் ஆழத்தைச் சரியாக எழுதினால் போதும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது குற்றியின் உயரம்தான். பள்ளத்தில் போட்ட குழியை அது மேட்டின் உச்சியிலிருந்து தொங்கவிட்டது. அதனால் அடியில் கிடந்த சிவப்பும் சேர்ந்து மேலே ஏறிவிட்டது. பத்து மடங்கு இழுத்த படத்தில் அது கொம்பாக நின்றது.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒப்பந்தக்காரரிடம் போனில் பேசியிருந்தார். உட்கார்ந்து எழுதின குழியாக இருக்கும் என்று அவர் சொன்னாராம். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய கெட்டபேர் கிடையாது. குழி போடாமலே நிழலில் உட்கார்ந்து ஆழம் எழுதுவது. மேடம் அதை மறைக்காமல் என்னிடம் சொன்னார். தான் அப்படி நம்பவில்லை என்றும் சொன்னார். ஆனால் அந்தக் குழியை அப்படியே விட முடியாது.

"குற்றி இருந்த இடத்துலயே மறுபடி ஒண்ணு போட்டுருங்கண்ணே. இந்த மாசக் கடைசிக்குள்ள."

தலையாட்டிவிட்டு வந்தேன். என் பேர் கெட்டால் கெட்டுப் போகட்டும். வேறு வேலை கிடைக்கும். ஆனால் நான் போனாலும் வேறு ஆறு பேர் வந்து அந்த உச்சியில் குழாய் இறக்குவார்கள். முதல் மீட்டர் மணலைப் பையில் கட்டுவார்கள். அதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் கம்பைச் சுற்றினேன். கனத்த குரல்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேஸ்திரிக்கும் கொம்பு முளைச்சிருக்கு என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அந்த அக்கா மீன் விற்கிற சந்தைக்குப் போனேன். ஆள் ஒழியும் வரை நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் குற்றியில் போடுவார்கள், சொன்னால் உமக்குக் கொடுத்த வாக்கு போகும் என்றேன். அவர் சாளையை வாரி ஒரு பக்கமாக ஒதுக்கி, கத்தியைத் துடைத்து வைத்தார்.

"அந்தப் பெண்ணு எப்பிடி?"

"நல்லாச் சிரிக்கும். கள்ளம் சொன்னாப் பொறுக்காது."

அக்கா கைகளைத் தண்ணீரில் அலசினார்.

"அப்ப அதுக்கிட்ட மட்டும் சொல்லும். ஆம்பிளையளுக்குச் சொல்லாண்டாம்."

அப்படியே செய்தேன். என் ஆட்களுக்கு அப்போது தெரியாது. இதை எழுதலாமா என்று போன வருடம் அக்காவிடம் கேட்டேன். பிள்ளைகளுக்கு இப்போது தெரியும், நானே சொல்லிவிட்டேன், எழுதும் என்றார்.

மேடத்திடம் சொல்ல நாலு வரிதான் ஆனது. அவர் திரையைப் பார்க்கவில்லை. அறையின் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு திரும்பி, தள்ளிப் போட்டது இது ஒன்றுதானா என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இல்லை என்றேன். எத்தனை என்றார். விரல் விட்டு எண்ணினேன். கை இரண்டும் போதவில்லை.

"ஏண்ணே இத்தனை நாளா சொல்லல?"

"ஆரும் கேக்கல்ல மேடம்."

அவருக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். அவர் எங்கள் நோட்டை நம்பித்தான் படம் போட்டிருந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பதினான்கு வந்தது.

அவர் சொன்ன வழி இது. தள்ளிப் போட்ட எல்லாக் குழியின் சிமெண்டுக் கட்டியிலும் கருவியை வைத்துச் சரியான இடமும் உயரமும் எடுப்போம். அதைக் கொடுத்துப் படம் போடுவோம். எழுபத்தொன்றின் சிவப்பு மற்றக் குழிகளோடு சேர்ந்து நின்றால், நீங்கள் எழுதின ஆழம் சரி. மறுபடி போட வேண்டாம். சேராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, குற்றியில்தான் போட வேண்டும்.

அக்காவிடம் போய் அதையும் சொன்னேன். ஆழம் சரியாக எழுதியிருக்கிறீரா என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். அந்த இடத்துக்கு வருகிற அன்று எனக்கும் சொல்லும் என்றார்.

உயரம் எடுக்கிற கருவி நாகர்கோவிலிலிருந்து வாடகைக்கு வந்தது. உயரம் தெரிந்த ஒரு கல் கிழக்குக் கடைசியில் இருந்தது. அங்கே தொடங்கி மேற்கே நகர வேண்டும். எழுபத்தொன்று வரப் பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளும் நானும் மேடமும்தான் நடந்தோம். நான் முக்காலியையும் குடையையும் தூக்குவேன். அவர் கருவியைத் தூக்குவார். எண் மறந்த குழிகளின் இடம்கூட எனக்கு மறக்கவில்லை. இது தென்னம்பிள்ளை, அப்போது முட்டளவு இருந்தது. இது வலை. இது ஒரு ஆச்சி மிளகாய் காயப்போட்டிருந்த இடம், குழாயைக் கண்டதும் முற்றம் பெருக்குகிற வாரியலை எடுத்துவிட்டாள். மேடம் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். கட்டி மணலுக்குள் போயிருந்தால் கையால் வாரித் தேடுவோம். கோபம் மூன்றாம் நாளே போய்விட்டது. மத்தியானம் யார் வீட்டு நிழலிலாவது உட்கார்ந்து சோற்றுப் பொதியைப் பிரிப்போம். அவருக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் பழகிவிட்டது. குழாய் இறங்கும்போது கறுப்பு வருவது எப்படிக் கைக்குத் தெரியும் என்று கேட்டார். பாரம் மாறும், சத்தமும் மாறும், அரிசியிலிருந்து உளுந்துக்குப் போகிற மாதிரி என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அப்போதுதான்.

ஆனால் ராத்திரி படுத்தால் எழுபத்தொன்றின் நோட்டு வரிகள்தான் ஓடும். தண்ணீர் இத்தனையில். கறுப்பு இத்தனையில். சரியாகத்தான் எழுதினேனா. அன்று அந்த அக்கா சொன்னதைக் கேட்டபிறகு என் கவனம் குழாயில் இருந்ததா. எனக்கே உறுதியில்லை.

மேட்டுக்குப் போன நாள் ஞாயிற்றுக்கிழமை. என் ஆட்களுக்கு லீவு. அக்கா பூசை முடிந்து வெள்ளைச் சேலையோடு அப்படியே வந்திருந்தார். மேடம் செருப்பைக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு மேலே ஏறினார். யாரும் சொல்லவில்லை. மேட்டின் உச்சியைச் சுற்றிக்கொண்டு, அதை மிதிக்காமல், கடல் பக்கம் இறங்கினோம். பன்னிரண்டு எட்டில் கட்டி இருந்தது. அடும்புக்கொடி மூடியிருந்தது. விலக்கினேன். எண் தெளிவாக இருந்தது.

முக்காலியை நாட்டினோம். கருவி எண் காட்ட நேரம் எடுத்தது. மேடம் குறித்துக்கொண்டு, அங்கேயே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் திறந்தார். குற்றிக்கும் கட்டிக்கும் ஆள் உயரத்துக்கு மேல் வித்தியாசம் என்றார். பழைய எண்ணை அழித்தார். புதியதை அடித்தார். தட்டினார்.

சன்னல் திறந்தது. கம்பிகள் தொங்கின. கொம்பைத் தேடினேன். காணவில்லை. மேடம் படத்தைத் திருப்பி, பக்கத்தில் இழுத்து, எழுபத்தொன்றைக் காட்டினார். சிவப்பு மற்றச் சிவப்போடு சேர்ந்து கிடந்தது. ஒரு விரல் கூடவோ குறையவோ இருக்கலாம்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்கண்ணே" என்றார். "இங்க இனி யாரும் குழி போட வேண்டாம்."

அக்கா மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தொடலாமா என்று கேட்காமல், திரைக்கு நேராக ஒரு விரலை நீட்டினார்.

"இதுல எனக்க பிள்ள எங்க?"

மேடம் படத்தைக் கிட்டே இழுத்தார். பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே, மேல் பக்கமாக, வெறும் இடத்தைக் காட்டினார். இங்கே என்றார். இங்கே ஒன்றும் வரையவில்லை, இனியும் வரைய மாட்டேன் என்றார்.

"ஒண்ணும் இல்லாமக் கெடக்கட்டு, பிள்ளே" என்றார் அக்கா.

கம்ப்யூட்டரில் அந்தக் குழியின் பதிவில், தள்ளிப் போட்டதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்று மேடம் கேட்டார். உள்ளதை எழுது என்றார் அக்கா. மேடம் இங்கிலீஷில் எழுதி, அதைத் தமிழில் சொன்னார். புதைத்த இடம், ஒரு குழந்தை. அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மேடம் இன்னொரு தடவை சொன்னார்.

அக்காவின் கணவர் தங்கி மீன்பிடிக்கிற படகில் போனவர், அந்த ஞாயிறும் கடலில்தான் இருந்தார். அவர் நிற்கிற கடல் பக்கமிருந்து படத்தைக் காட்ட முடியுமா என்று அக்கா கேட்டார். மேடம் மெதுவாகத் திருப்பினார். கம்பிகள் எல்லாம் ஒரு வரிசையாக வந்து நின்றன. மேட்டின் இடம் நடுவில் காலியாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் நேராகத் திரையில் விழுந்தது. நான் குடையைச் சரித்துப் பிடித்தேன்.